தொப்பி எண் பதினேழு

சுற்றுலாத்துறைத் தலைமை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், பழைய கோப்புகளை அடைத்து வைக்கும் அறையில் ஓர் இரும்பு பீரோ இருந்தது. அதற்குள் நாற்பது தொப்பிகள், நாற்பது கறுப்புக் கண்ணாடிகள், தோளில் மாட்டிக்கொள்ள நாற்பது பைகள், படமே எடுக்காத பன்னிரண்டு கேமராக்கள். அமைச்சர் எங்கேயாவது பார்வையிடப் போகிறார் என்றால் முந்தின நாளே பீரோ திறக்கப்படும். தட்டச்சர்கள், எழுத்தர்கள், கடைநிலை ஊழியர்கள், ஆள் குறைந்தால் கான்டீன்காரர் உட்பட எல்லோரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுத் தொப்பியை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற வேண்டும். மறுநாள் அமைச்சர் காரை விட்டு இறங்கும்போது, கோட்டையோ ஏரியோ அருங்காட்சியகமோ, அங்கே ஜே ஜே என்று கூட்டம் இருக்கும். இதற்கு அலுவலகத்தில் வைத்திருந்த பெயர் களப்பணி. ஊரை ஏமாற்றுகிற வேலைக்கெல்லாம் அலுவலகங்கள் எப்படித்தான் இவ்வளவு கௌரவமான பெயராகத் தேடிப் பிடிக்கின்றனவோ தெரியவில்லை.

புள்ளிவிவரப் பிரிவில் தட்டச்சராக இருந்தவளை எல்லோரும் டைப்பிஸ்டம்மா என்று கூப்பிட்டார்கள். அவளுடைய தொப்பி எண் பதினேழு. அகலமான விளிம்பு, நீல ரிப்பன். பதினொரு வருடங்களில் ஏழு அமைச்சர்களுக்கு முன்னால் அந்தத் தொப்பியோடு நடந்திருக்கிறாள். ஏழு பேரில் ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அமைச்சர்கள் கூட்டத்தைத்தான் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். கையை ஆட்டுவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள், காரில் ஏறிப் போய்விடுவார்கள். டைப்பிஸ்டம்மாவும் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்று அந்த இடத்துக்கு வந்த பயணிகளின் எண்ணிக்கையைத் தானே தட்டச்சு செய்து வைப்பாள். அதில் தன்னையும் சேர்த்துத்தான்.

எட்டாவதாக வந்த அமைச்சரிடம்தான் வம்பு பிடித்துக்கொண்டது. அவர் அரசியலுக்கு வருமுன் கால்நடை மருத்துவராக இருந்தவர். வாயைத் திறந்து வலி எங்கே என்று சொல்லத் தெரியாத நோயாளிகளையே இருபத்தைந்து வருடம் பார்த்துப் பழகியவர். அதனால் யார் என்ன சொன்னாலும் சொல்லைக் காதில் வாங்காமல் கண்ணைப் பார்ப்பார். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். பதவியேற்ற முதல் வாரமே கோட்டையைப் பார்வையிட வந்தவர், கையை ஆட்டாமல் நேராகக் கூட்டத்துக்குள் புகுந்து நீல ரிப்பன் தொப்பிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"எங்கேர்ந்து வர்றீங்கம்மா?"

டைப்பிஸ்டம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. களப்பணியில் வசனம் கிடையாது. யாரும் எதுவும் கேட்டதில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "கடற்கரைப் பக்கம் சார்."

"தனியாவா வந்தீங்க?"

"வீட்டுக்காரர் கப்பல்ல வேலை. பையனோட வந்தேன். அவனுக்குக் காய்ச்சல், ரூம்ல படுத்திருக்கான்."

கணவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். பையன் என்று யாரும் இல்லை. கல்யாணமாகிப் பதினான்கு வருடமாகியும் இல்லை. அந்த நேரத்தில் நாக்கு ஏன் அந்தப் பக்கம் போயிற்று என்று அவளுக்கே விளங்கவில்லை.

"எத்தனை வயசு?"

"ஒன்பது."

"மூக்கு ஜில்லுனு இருக்கா?" என்று கேட்டுவிட்டு அமைச்சர் தானே சிரித்துவிட்டார். "பழக்கதோஷம்மா. மன்னிச்சுக்கோங்க." நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

இருபது நாள் கழித்து ஏரிக்கரையில் அதே அமைச்சர், அதே தொப்பிக்கு முன்னால்.

"அட, நீங்களா! பையனுக்குக் காய்ச்சல் விட்டுதா?"

கோட்டைக்கும் ஏரிக்கும் நானூறு கிலோமீட்டர். ஞாபகம் வைத்திருக்கிறாரே! ஆள் கண்டுபிடித்துவிட்டார், எலியைப் பிடித்த பூனை மாதிரி விட்டு விட்டுப் பிடித்து விளையாடுகிறார் என்று தோன்றியது. பின்னால் இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். துறையின் இயக்குநர், பீரோ சாவி அவருடைய மேஜையில்தான் இருக்கும். அவருடைய முகம் வெளுத்திருந்தது.

"விட்டுடுச்சு சார். ஆனா வண்டியில வந்தது ஒத்துக்கல. வாந்தி. ரூம்ல இருக்கான்."

"நான் வர்ற இடத்துக்கெல்லாம் நீங்களும் வர்றீங்களே, எப்படி?"

ஏரியில் குதித்துவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். பிறகு எங்கிருந்தோ ஒரு துணிச்சல் வந்தது. "நீங்க எங்க போறீங்கன்னு பேப்பர்ல போடறாங்க சார். அன்னிக்கு மட்டுந்தான் கக்கூஸ் சுத்தமா இருக்கும். அதான் அன்னிக்கே பாத்து நாங்களும் வந்துடறோம்."

அமைச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார். அடுத்த வாரமே நாடு முழுக்க உள்ள சுற்றுலா இடங்களில் கழிப்பறைகளைத் திடீர்ச் சோதனை போட உத்தரவு வந்தது.

இயக்குநர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவளை உட்காரச் சொன்னார். அதிலேயே அவளுக்குப் பாதி உயிர் போயிற்று.

"அமைச்சர் வீட்டுப் பக்கம் உங்களுக்குச் சொந்தம் யாராவது இருக்காங்களாம்மா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் உங்ககிட்டயே வந்து பேசறாரு?"

"தெரியல சார். அடுத்த தடவை என்னை விட்டுடுங்க சார், வேற யாரையாவது அனுப்புங்க."

இயக்குநர் கண்களைச் சுருக்கினார். "ஏன்? இதுவரைக்கும் அவர்கிட்ட வேற ஏதாவது சொல்லி வச்சிருக்கீங்களா?" பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "இல்ல, நீங்க கண்டிப்பா வரணும். திடீர்னு காணாமப் போனா அவருக்குச் சந்தேகம் வரும். அந்த எழுத்தர் ஞாபகம் இருக்கில்ல?"

யாருக்குத்தான் ஞாபகம் இல்லை? நான்காவது அமைச்சரின் காலத்தில், ஓர் எழுத்தர் தொப்பியோடு நின்றவர் நாக்கு நுனியில் சனி உட்கார்ந்து, 'குடிக்கத் தண்ணி இல்ல சார்' என்று அமைச்சரிடம் சொல்லிவிட்டார். ஒரே வாரத்தில் அவரைத் தீவுக் கலங்கரை விளக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு படகு. மனைவி இங்கே, மனுஷன் அங்கே. டைப்பிஸ்டம்மாவுக்கும் அந்தக் கதிதான் என்றால், கணவனின் டிப்போ வேலை இங்கே, அவள் தீவில். அலுவலகம் கொடுத்திருந்த இரண்டு அறைக் குடியிருப்பும் கையை விட்டுப் போகும். அவளுக்கு இருப்பது ஒரே ஒரு மனுஷன். அவனையும் விட்டுவிட்டுக் கடலுக்கு நடுவே உட்கார்ந்து கலங்கரை விளக்கத்துக்கு வந்தவர்களை எண்ணுவதா?

வீட்டில் கணவனிடம் சொன்னபோது அவன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடியே தீர்ப்புச் சொன்னான்.

"அவர் தூண்டில் போடறாரு. நீ புழு. மீனு உங்க டைரக்டர்."

"புழுவுக்கு என்னங்க ஆகும்?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன். எது கேட்டாலும் நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லிட்டு நகர்ந்துடு. வேற ஒரு வார்த்தை பேசாத."

அருங்காட்சியகத்தில் அப்படியே செய்தாள். கடற்கரையிலும் அப்படியே. அமைச்சரோ ஒவ்வொரு தடவையும் கூட்டத்தில் தொப்பியைத் தேடிக் கண்டுபிடித்து, பையன் என்ன படிக்கிறான், பால் குடிக்கிறானா, கப்பல்காரர் எப்போது வருவார் என்று விசாரித்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய்யைச் செய்து கொடுத்தாள்; பையனை ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்டால் மறுபடியும் காய்ச்சல் என்பாள். செய்த பொய் மறந்துவிடக் கூடாதென்று வீட்டில் காலண்டருக்குப் பின்னால் குறித்தும் வைத்தாள். பையனுக்கு இப்போது பள்ளிக்கூடம் இருந்தது, பிடிக்காத காய்கறி இருந்தது, உடைந்த முன்பல் இருந்தது. சில சமயம் சமைத்துக்கொண்டிருக்கும்போது, அந்த இல்லாத பையன் பக்கத்தில் நின்று ஏதோ கேட்கிற மாதிரி இருக்கும். அப்போதெல்லாம் அவளுக்கு அமைச்சர் மேல் கோபம் கோபமாக வரும். தெரிந்தே கேட்கிறார், எவ்வளவு தூரம் போகிறாள் பார்க்கலாம் என்று கேட்கிறார், இப்படியும் ஒரு மனுஷன் உண்டா என்று பொருமுவாள்.

அதற்குப் பிறகுதான் தொங்குபாலம் வந்தது.

மலைகளுக்கு நடுவே ஆழமான பள்ளம், அடியில் பாறையும் ஆறும். இந்தக் கரையையும் அந்தக் கரையையும் சேர்க்கிற பழைய தொங்குபாலம் மூன்று வருடமாக மூடிக் கிடந்தது. அதைப் பழுதுபார்த்துத் திறக்கப்போகிறோம் என்று அமைச்சர் நாடாளுமன்றத்தில் தேதி சொல்லிவிட்டார். தேதி வந்தது, வேலைதான் முடியவில்லை. இந்தக் கரையிலிருந்து நடுப்பாலம் வரை புதுப் பலகை போட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் பழைய பலகைகளுக்கே பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். நடுவில் ஒரு சிவப்புக் கொடி.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலை ஒத்திகை நடந்தது. இயக்குநர் கையில் ஒலிபெருக்கியோடு நின்றார். "எல்லாரும் கொடி வரைக்கும் போகணும். கொடிகிட்ட நின்னு ஆஹான்னு பாக்கணும். திரும்பி வரணும். கொடியைத் தாண்டி ஒருத்தரும் போகக் கூடாது!" நாற்பது தொப்பிகளும் கொடி வரைக்கும் போய், ஆஹா என்று பார்த்துத் திரும்பின. அப்போது அடித்த காற்றில் பதினேழாம் எண் தொப்பி பறந்து, கொடிக்கு அப்பால் ஏழெட்டுப் பலகை தள்ளி விழுந்தது.

தொப்பி தொலைந்தால் பதிவேட்டில் பதில் எழுத வேண்டும். அவள் யோசிக்காமல் ஓடினாள். ஆறாவது பலகையில் கால் வைத்ததும் அது ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போயிற்று. கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடத்தில் கம்பியின் இழைகள் பிரிந்து, துருப்பிடித்து, உள்ளங்கையைக் கிழித்தன. கீழே, பலகைப் பிளவின் வழியாக, ஆறு தெரிந்தது. எப்படித் திரும்பி வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. தொப்பி மட்டும் கையில் இருந்தது.

"சார், அந்தப் பக்கம் பலகை எல்லாம் மக்கிப் போயிருக்கு! கம்பி பிரிஞ்சிருக்கு!"

"கொடிக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு என்ன வேலை?" என்று இயக்குநர் பல்லைக் கடித்தார். "நாளைக்கு அமைச்சரும் கொடி வரைக்கும்தான் போவாரு. போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுவாரு. மறுநாளே பராமரிப்புன்னு போர்டு மாட்டி மூடிடுவோம். பொறுமையா சரி பண்ணிக்கலாம். நீங்க வாயை மூடிட்டு இருந்தா போதும்."

மறுநாள் காலைதான் வர வேண்டிய அமைச்சர், அன்று மத்தியானமே வந்து இறங்கிவிட்டார். கூடவே ஏழு வயதுப் பேத்தி, மஞ்சள் ஷூ போட்டுக்கொண்டு. தொப்பிகளெல்லாம் மரத்தடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தன. எல்லோரும் அலறியடித்துக்கொண்டு கேமராவைத் தூக்கினார்கள். அமைச்சர் யாரையும் கவனிக்கவில்லை. பாலத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். நோயாளி மாட்டைப் பார்க்கிற பார்வை அது.

"கடைசி வரைக்கும் நடந்து பாத்துடலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் சார், கொடி வரைக்கும் போதும். அங்கதான் சார் வியூ நல்லா இருக்கும்," என்றார் இயக்குநர் அவசரமாக.

"ஏன் கொடி வரைக்கும்?"

"போட்டோவுக்கு சார்."

அமைச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கூட்டத்தில் நீல ரிப்பனைத் தேடினார். கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்தது. நேராக அவளிடம் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். இயக்குநர் நான்கடி தள்ளி நின்றார், காது மட்டும் இங்கே இருந்தது.

"அம்மா, நீங்க இருக்கீங்க, நல்லதாப் போச்சு. இவங்க யாரையும் நான் நம்பறதில்ல. எதையோ மறைக்கறாங்க. நீங்க பாலத்துல போனீங்களா?"

"போனேன் சார்."

"கொடியைத் தாண்டி?"

அவள் தலையசைத்தாள். கிழிந்த உள்ளங்கையை மடக்கிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு? மனசுல இருக்கறதைச் சொல்லுங்க."

அந்த நொடியில் அவள் மனதில் ஓடியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: இதுதான் தூண்டில். தெரிந்துகொண்டே கேட்கிறார். உண்மையைச் சொன்னால், 'இன்னும் திறக்காத பாலத்தில் ஒரு பயணி எப்படி நடக்க முடிந்தது' என்று தொடங்கி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ப்பார். இயக்குநர் வேறு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை இருவரும் சேர்ந்தே அவளைச் சோதிக்கிறார்களோ? தீவு, வாரத்துக்கு இரண்டு படகு, தனியாக டிப்போவிலிருந்து திரும்பி வருகிற மனுஷன். எல்லாம் கண்ணில் வந்து போயின.

"நல்லா இருக்கு சார். ரொம்ப நல்லா இருக்கு," என்றாள்.

அமைச்சர் பெருமூச்சு விட்டார். நோட்டை எடுத்து எழுதினார். பேத்தியைப் பார்த்து, "கண்ணு, நாளைக்கு நாம ரெண்டு பேரும் அந்தக் கரை வரைக்கும் போறோம். நீதான் முன்னால நடக்கற," என்றார். குழந்தை குதித்தது.

அதோடு விடவில்லை அமைச்சர். காரிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வரச்சொல்லி அவள் கையில் கொடுத்தார். "பையனுக்கு. ரூம்லயே படுத்துக் கிடக்கானே பாவம். இதை வச்சுக்கிட்டு ஜன்னல் வழியாவாவது வெளியில பாக்கட்டும்."

விடுதி அறைக்குப் போய்ப் பிரித்தாள். ஒரு சின்ன பைனாகுலர். அதோடு மடித்த ஓர் அட்டை. கலர் பென்சிலில் ஒரு பாலம், அதன் மேல் ஒரு பெரிய ஆளும் மஞ்சள் ஷூ போட்ட ஒரு சின்ன ஆளும். கீழே கோணல்மாணலான எழுத்தில், 'அண்ணாவுக்குக் காய்ச்சல் சீக்கிரம் விடணும். அடுத்த தடவை நீயும் வா.'

டைப்பிஸ்டம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அமைச்சர் நடிக்கலாம். ஏழு வயதுக் குழந்தையை உட்கார வைத்துத் தூண்டிலுக்குப் படம் வரையச் சொல்லும் மனுஷன் உலகத்தில் இருக்க முடியாது. இந்த ஆள் நம்பியிருக்கிறார். கோட்டையிலிருந்து நம்பியிருக்கிறார். காய்ச்சலை, வாந்தியை, உடைந்த பல்லை, எல்லாவற்றையும். இத்தனை அதிகாரிகளையும் சந்தேகப்பட்டவர், போயும் போயும் அவளை நம்பியிருக்கிறார். அவளுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

பைனாகுலரைக் கண்ணில் வைத்து ஜன்னல் வழியே பாலத்தைப் பார்த்தாள். பச்சைப் பெயின்டுக்கு நடுவே அவள் கால் உடைத்த பலகை கறுப்பாக, கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது.

இருட்டுமுன் இயக்குநரைத் தேடிப் போனாள். அவர் விடுதி வாசலில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார்.

"அமைச்சர்கிட்ட சொல்லிடுங்க சார். குழந்தை முன்னால நடக்கப் போகுது."

"நீங்கதானே நல்லா இருக்குன்னு சொன்னீங்க? இப்ப நான் போய்ச் சொன்னா, ஏன் இத்தனை நாள் சொல்லலைன்னு கேப்பாரு." அவருடைய கண் அவளை எடை போட்டது. "யார் சொல்லி அவர்கிட்ட அப்படிச் சொன்னீங்க? என்னை மாட்டிவிடத்தானே? சரி, விடுங்க. காலையில காத்து அதிகமா இருக்குன்னு சொல்லி நிறுத்திடறேன். இங்க காலையில எப்பவும் காத்து அடிக்கும்."

கணவனுக்கு போன் செய்தாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கென்னமோ இதுவும் தூண்டில்தான்னு தோணுது," என்றான்.

"ஏங்க, அந்தக் குழந்தையோட கையெழுத்தை நீங்க பாக்கல."

"தீவுக்கு பஸ் கிடையாது. படகுக்கு மெக்கானிக் வேணுமான்னு கேட்டுப் பாக்கறேன்," என்றான். அவன் எதற்குச் சம்மதம் சொல்கிறான் என்பது புரிந்து அவள் அழுதுவிட்டாள்.

மறுநாள் காலை ஓர் இலை அசையவில்லை. பதினொரு வருடக் களப்பணியில் அப்படியொரு அசையாத காலையை அவள் பார்த்ததில்லை. இயக்குநர் ஆள்காட்டி விரலை நனைத்து மேலே நீட்டி நீட்டிப் பார்த்தார். ரிப்பன் கட்டியாயிற்று. தட்டில் கத்தரிக்கோல் வந்தாயிற்று. நாற்பது தொப்பிகளும் வரிசையாக நின்று கை தட்டின. அமைச்சர் கத்தரிக்கோலை எடுத்தார். மஞ்சள் ஷூ ரிப்பனுக்கு அந்தப் பக்கம் போகத் துடித்துக்கொண்டிருந்தது.

"சார், காத்து..." என்று இயக்குநர் ஆரம்பித்தார்.

"எங்கய்யா காத்து?" என்றார் அமைச்சர்.

டைப்பிஸ்டம்மா வரிசையை விட்டு வெளியே வந்தாள். தொப்பியைக் கழற்றினாள்.

"சார், வெட்டாதீங்க. நான் பயணி இல்ல. உங்க டிபார்ட்மென்ட்ல, மூணாவது மாடியில, புள்ளிவிவரப் பிரிவுல டைப்பிஸ்ட். இந்தத் தொப்பி ஆபீஸ் தொப்பி. உள்ளே நம்பர் போட்டிருக்கு பாருங்க. பாலம் கொடி வரைக்கும்தான் புதுசு. அந்தப் பக்கம் பூரா மக்கிப் போயிருக்கு. நேத்து நான் சொன்னது பொய்."

கை தட்டல் அங்கங்கே அறுந்து நின்றது. இயக்குநர் பாய்ந்து வந்தார். "சார், இந்தம்மாவுக்கு உடம்பு சரியில்ல. ரெண்டு நாளா ஒரு மாதிரி பேசறாங்க."

அமைச்சர் அவரைக் கவனிக்கவில்லை. தொப்பியை வாங்கி உள்ளே திருப்பிப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"பையன்?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. பாலத்தைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்திருந்தாள்.

"இல்ல சார். எனக்குக் குழந்தையே இல்ல."

அமைச்சரின் முகம் சட்டென்று வயதானது போலாயிற்று. பொய் சொன்னதற்காக அல்ல, இரண்டு மாதமாக அக்கறையோடு விசாரித்துக்கொண்டிருந்த ஒரு பையன் அந்த நிமிஷத்தில் இல்லாமல் போனதற்காக அவர் வருத்தப்பட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கும் அதே வருத்தம்தான்.

"கோட்டையிலேர்ந்து எல்லாம் பொய். இப்ப சொல்றது மட்டும் நிஜம்னு நான் எப்படிம்மா நம்பறது? யார் சொல்லி இதைச் சொல்றீங்க?"

"என்னை நம்ப வேண்டாம் சார். இங்க நாப்பது பேர் இருக்கோம். நேத்து எல்லாருமே பாலத்துல நடந்தவங்கதான். யாராவது ஒருத்தரைக் கொடியைத் தாண்டி நடக்கச் சொல்லுங்க."

அமைச்சர் வரிசையைப் பார்த்தார். கான்டீன்காரர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தார். எழுத்தர்கள் குனிந்து ஷூ லேஸைப் பார்த்தார்கள், அதில் பாதிப் பேர் போட்டிருந்தது செருப்பு. ஒரு காலும் நகரவில்லை. அமைச்சர் இயக்குநர் பக்கம் திரும்பி, கையால் பாலத்தைக் காட்டினார். இயக்குநரின் நெற்றி வியர்த்தது. அசையாத அந்தக் காலையில் வியர்ப்பதற்கு நியாயம் இருக்கத்தான் செய்தது.

அமைச்சர் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தார்.

"நேத்தே ஏன் சொல்லல?"

"நீங்க என்னைக் கண்டுபிடிச்சுட்டீங்க, வேணும்னே கேக்கறீங்கன்னு நினைச்சேன் சார். சந்தேகப்படறவர்கிட்ட பொய் சொல்றது கஷ்டமா இல்ல. சாயங்காலம்தான் தெரிஞ்சுது, நம்பியிருக்கீங்கன்னு. அதுக்கப்புறம் முடியல."

அமைச்சர் நோட்டை எடுத்துப் பிரித்தார், பக்கம் பக்கமாகத் தள்ளினார், மூடினார். "திங்கட்கிழமை காலையில என் அறைக்கு வாங்க," என்றார். அது தீவுக்கான உத்தரவா வேறு ஏதாவதா என்று அவர் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் கண்ணைப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றும் தெரியவில்லை. இத்தனை நாளாக அவர் தன்னை எப்படிப் பார்த்தாரோ, அதில் பாதிகூடத் தான் அவரைப் பார்த்திருக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பிறகு அமைச்சர் தொப்பிகளின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "இந்த நாட்டுக்கு நான் சுற்றுலா அமைச்சர். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லுங்க. இங்க நிஜமாவே சுத்திப் பாக்க வந்தவங்க யாராவது ஒருத்தர் இருக்கீங்களா?"

ஒவ்வொரு தொப்பியாகத் தலையை விட்டு இறங்கியது. கீழே ஆற்றின் சத்தம் கேட்டது.

ரிப்பனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கை உயர்ந்தது.

"நான் வந்திருக்கேனே தாத்தா," என்றது குழந்தை. மஞ்சள் ஷூவின் ஒரு கால் ரிப்பனுக்கு அந்தப் பக்கம், பாலத்தின் முதல் பலகை மேல் இருந்தது. டைப்பிஸ்டம்மா குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டாள்.